சிலீவ் அறுவைக்குப் பின் மெதுவாக இறங்கும் எடை

எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு எடை ஒரே சீராக இறங்குவதில்லை. முதல் இரண்டு வாரங்களில் மளமளவென்று சில கிலோ போகும். மூன்றாவது வாரத்தை ஒட்டித் தராசு முள் நின்றுவிடும். சிலருக்கு அரைக் கிலோ ஏறவும் செய்யும். சாப்பாடோ இன்னும் சூப், பால், மசித்த பருப்பு என்ற அளவில்தான் இருக்கும். இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிட்டும் எடை எப்படி நிற்கும் என்று வீட்டில் எல்லாரும் கலங்கிப்போவார்கள். ‘ஆப்பரேஷன் சரியா செய்யலயோ’ என்ற சந்தேகம் முதன்முதலாக எழுவதும் இந்த வாரத்தில்தான்.

காரணம் தண்ணீர். ஈரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளை அவசரத் தேவைக்காகச் சேர்த்து வைத்திருக்கின்றன. பெரியவர் ஒருவரின் உடலில் அது ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உணவு திடீரென்று குறைந்ததும் உடல் முதலில் இந்தச் சேமிப்பைத்தான் எரிக்கிறது. அதோடு தண்ணீரும் வெளியேறுவதால் முதல் வாரங்களின் எடை இழப்பு உண்மையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பிறகு உடல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிப்பை நிரப்பத் தொடங்கும்போது தண்ணீரும் திரும்பி வருகிறது. கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கிறது. வரும் தண்ணீர் அதைத் தராசிலிருந்து மறைத்துவிடுகிறது. ஒன்று முதல் மூன்று வாரம்வரை நீடிக்கும் இந்த நிற்றல் அறுவை செய்துகொண்ட பெரும்பாலோருக்கு வருகிறது. பின்னாலும் இரண்டு மூன்று முறை வரலாம். மாதவிலக்கை ஒட்டிய நாள்களில் பெண்களுக்கு ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் ஏறி இறங்குவது இயல்பு. மலச்சிக்கலும் முள்ளை நிறுத்தி வைக்கும்; சாப்பாடு குறைந்த வயிற்றுக்கு அது கிட்டத்தட்ட உடன்பிறப்பு.

சிலீவ் என்று எல்லாரும் சொல்லும் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு, மிஞ்சுவது வாழைக்காய் வடிவக் குழாயாகத் தைக்கப்படுகிறது. வெட்டப்படும் மேற்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. ஜப்பானில் 1999இல் கண்டறியப்பட்ட ஹார்மோன் இது. அறுவைக்குப் பின் சில மாதங்கள் பசியே தெரியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பைபாஸ் என்ற இன்னொரு வகை எடைக்குறைப்பு அறுவையில் இரைப்பையின் உச்சியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை உருவாக்கப்பட்டு, அது நேரே சிறுகுடலில் இணைக்கப்படுகிறது. இரண்டிலுமே பசி நிரந்தரமாகப் போய்விடுவதில்லை. ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் பலருக்கு அது திரும்புகிறது. எடை இறங்கும் வேகமும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் தணிகிறது.

வேகம் எவ்வளவு இருக்கவேண்டும் என்ற கேள்விக்குக் கிலோவில் விடை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மருத்துவர்கள் மொத்த எடையில் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று பார்க்கிறார்கள். சிலீவ் செய்துகொண்டவருக்குத் தோராயமாக மூன்று மாதத்தில் 15 விழுக்காடு, ஆறு மாதத்தில் 20 விழுக்காடு, ஓராண்டில் 25 விழுக்காடு குறைந்தால் அது வழக்கமான போக்கு. பைபாஸில் ஓராண்டு அளவு 30 விழுக்காட்டை ஒட்டி வரும். 155 சென்டிமீட்டர் உயரமும் 110 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்தில் அவருக்கு 16 கிலோ குறையும், ஆறு மாதத்தில் 22, ஓராண்டில் 27. அதாவது இரண்டாவது ஆறு மாதம் முழுவதும் சேர்ந்து ஐந்து கிலோதான். எட்டாவது மாதத்தில் மாதம் முக்கால் கிலோ இறங்குவதைப் பார்த்து ‘நின்னுபோச்சு’ என்று அழுபவருக்கு உண்மையில் எல்லாம் சரியாகவே நடந்துகொண்டிருக்கிறது.

அதே பெண் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ 83 கிலோ இருப்பார். அறுவை மருத்துவரின் கணக்கில் இது வெற்றி. மலேசிய அளவுகோலில் உடல் நிறைக் குறியீடு 27.5க்கு மேல் இருந்தால் உடற்பருமன். அவர் உயரத்துக்கு அந்தக் கோடு 66 கிலோவில் வருகிறது. ஆக, வெற்றிகரமான அறுவைக்குப் பிறகும் அவர் அட்டவணையில் ‘உடற்பருமன்’ என்ற கட்டத்திலேயே இருப்பார். இதை அறுவைக்கு முன்பே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். மெதுவாக இறங்குகிறது என்ற வேதனையில் பெரும்பகுதி, சொல்லப்படாத இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

நீண்டகாலப் பதிவுகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. 1987இல் சுவீடனில் தொடங்கி 4,000 பேருக்கு மேல் தொடர்ந்து பார்த்துவந்த ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் சராசரியாக 32 விழுக்காடு எடை குறைந்தார்கள். பத்தாண்டு கழித்து அது 25 விழுக்காட்டில் நின்றது. கொஞ்சம் திரும்பி ஏறியது என்பது உண்மை. ஆனாலும் அறுவை செய்துகொண்ட குழுவில் இறப்பு குறைவாக இருந்ததாக 2007இல் அந்த ஆய்வு அறிவித்தது. யாரும் மெலிந்த உடம்புக்காரர் ஆகிவிடவில்லை, ஆயுள் கூடியது.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புறத்துக்கு இந்தச் செய்தி ஏன் முக்கியம் என்பதற்கு நாட்டின் சொந்தக் கணக்கே போதும். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள் என்று தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடத்தில் இருந்தார்கள். நீரிழிவு நாடு முழுவதும் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே பத்துப் பேரில் மூன்று பேர். மாநிலவாரியாக உச்சத்தில் இருந்தது நெகிரி செம்பிலான்: 33.2 விழுக்காடு. லாபு, ரந்தாவ், சுவா பெத்தோங், பகாவ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் நிற்கின்றன. ஆகவே இங்கிருந்து அறுவைக்குப் போகிறவர்களில் பலர் நீரிழிவோடுதான் போகிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது இல்லாதவர்களைவிட எடை குறைவாகவும் மெதுவாகவும் இறங்குகிறது என்பது உலகம் முழுக்க உறுதியான ஒன்று. பக்கத்து வீட்டு இளம்பெண்ணுக்கு ஆறு மாதத்தில் முப்பது கிலோ இறங்கியது, ஐம்பது வயது அக்காளுக்குப் பதினெட்டுதான் இறங்கியது என்றால், வயது, மாதவிடாய் நின்றது, பத்தாண்டு நீரிழிவு, இன்சுலின் எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கின்றன.

மருந்துகளின் பங்கை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும்; கவனிக்காமல் விடப்படுவதும் எளிதில் சரிசெய்யக்கூடியதும் இதுதான். இன்சுலினும் கிளிக்லசைட் வகை நீரிழிவு மாத்திரைகளும் எடையை ஏற்றும் குணம் கொண்டவை. அறுவைக்குப் பின் சாப்பாடு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட, பழைய அளவிலேயே ஊசி போட்டுக்கொண்டால் இரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். உடனே சீனித் தண்ணீர், மிட்டாய், மைலோ. ஒரு நாளைக்கு இரண்டு முறை இப்படி நடந்தால் எடை எப்படி இறங்கும்? அறுவை கோலாலம்பூரில் நடக்கிறது; மாத்திரை கிடைப்பதோ ஊர்ப்பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில், ஒரு வெள்ளிக் கட்டணத்தில். இரண்டு இடங்களுக்கும் நடுவே தகவலைச் சுமந்து போகிறவர் நோயாளி ஒருவரே. அறுவைக் கடிதத்தை வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுக் கிளினிக்கில் வழக்கம்போல மாத்திரை வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடிதத்தின் நகல் கிளினிக் கோப்புக்குள் போகவேண்டும். அளவைக் குறைக்கும்படி மருத்துவரிடம் கேட்கவேண்டும். தானாகக் குறைத்துக்கொள்வதும் ஆபத்து.

ஸ்டீராய்டு மாத்திரைகள், சில மனநல மருந்துகள், சில இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவையும் எடையைப் பிடித்து வைப்பவை. மூட்டு வலிக்கென்று தெருவோரத்திலும் இரவுச் சந்தையிலும் விற்கும் பெயரில்லாப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது மலேசியச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்துவரும் விஷயம். முழங்கால் வலியோடு வாழும் கனத்த உடம்புக்காரர்கள்தான் அவற்றை அதிகம் தேடிப்போகிறார்கள் என்பது வேதனை. தைராய்டு சுரப்புக் குறைவும் எடையை நிறுத்தும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

உடலின் வாகும் ஒரு காரணம். தெற்காசியர்களுக்கு அதே எடையில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும். புனேயின் மருத்துவர் யாஜ்னிக், லண்டனின் மருத்துவர் யட்கின் ஆகிய இருவரின் படமும் 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. யட்கினின் உடலில் 9.1 விழுக்காடு கொழுப்பு. யாஜ்னிக்கின் உடலில் 21.2. சும்மா இருக்கும்போதும் கலோரியை எரித்துக்கொண்டிருப்பது தசை. அது குறைவாக உள்ள உடல் குறைவாகவே எரிக்கும். எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போவதால், இருக்கும் கொஞ்சத்தைக் காப்பாற்றுவது இங்கே இரட்டிப்பு அவசியம் ஆகிறது.

அந்தத் தசைக்கு ஒரு வரலாறு உண்டு. ரப்பர் காலத்தில் விடியுமுன் எழுந்து பெரட்டு எனும் ஆளெடுப்புக்குப் போன தலைமுறை, ஒரு காலைப்பொழுதில் நானூறு ஐந்நூறு மரங்களை நிரை நிரையாக நடந்து வெட்டியது. மேடும் பள்ளமுமான காட்டில் அதே நிரைகளுக்குத் திரும்பிப் போய்ப் பால் எடுத்து, காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டு நிறுவைக்குச் சுமந்தது. தட்டு நிறையச் சோறும் கட்டிப்பால் கலந்த தேத்தண்ணியும் அந்த வேலைக்கு ஏற்ற எரிபொருள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குலை வெட்டும் வேலை பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் போனது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் செனவாங், நீலாய் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போய், பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை செய்கிறார்கள். நடை போய்விட்டது. தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று பேசுவோர் அந்த வரலாற்றைப் பார்க்க மறுக்கிறார்கள்.

அறுவை அந்தத் தட்டைச் சுருக்கிவிடுகிறது. தட்டில் இருப்பதை மாற்றுவதில்லை. குழாயாகிவிட்ட இரைப்பை கெட்டியான உணவைத்தான் தடுத்து நிறுத்தும். இறைச்சியோ மீனோ நான்கைந்து வாய் போனதும் மார்புக்குக் கீழே இறுக்கம் தெரியும். ஆனால் வழுக்கிக்கொண்டு இறங்கும் உணவுக்கு எந்தத் தடையும் இல்லை. தேநீரில் முக்கிய பிஸ்கட், முறுக்கு, மிக்சர், கெரோப்போக், குழைந்த சோற்றுக் கஞ்சி, ஐஸ்கிரீம் எல்லாம் வாயில் கரைந்து குழாய் வழியே ஓடிவிடும். ஒரு மணி நேரத்தில் மறுபடி இடம் காலி. ‘ஒரு வாய் சோறுகூட இறங்க மாட்டேங்குது, வெயிட் மட்டும் அப்படியே இருக்கு’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. சோறு இறங்காததால் பிஸ்கட் இறங்குகிறது. அது சாப்பாட்டுக் கணக்கில் சேராமல் போகிறது.

பானங்கள் இன்னும் மோசம். கட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 65 கலோரி இருக்கிறது. ஒரு குவளை தே தாரிக்கில் இரண்டு கரண்டிக்குக் குறையாமல் போகும். ‘கூராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று சொல்லி வாங்கினாலும் கட்டிப்பாலின் சீனி போவதில்லை. ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்டு வாங்கினால்தான் போகும். காலையில் ஒன்று, இரவு வேலைக்கு நடுவே ஒன்று, வந்த விருந்தாளியோடு ஒன்று என்று மூன்று குவளை போனால், அறுவை முடிந்து ஆறு மாதமானவரின் ஒரு நாள் உணவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே முடிந்துவிடும். டின்னில் அடைத்த இனிப்புப் பானங்களுக்கு மலேசிய அரசாங்கம் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. கடையில் கலக்கும் தேநீரை அந்த வரி தொடவில்லை. சாப்பிடும்போதே குடிப்பதும் பிழை. உணவைத் தண்ணீர் கழுவித் தள்ளிவிடுவதால் வயிறு நிறைந்த உணர்வு சீக்கிரம் மறைந்துபோகும். உணவுக்குப் பிறகு அரை மணி நேரம் விட்டு, ஒரு நாளில் ஒன்றரை லிட்டரை வாய் வாயாகக் குடித்து முடிக்கவேண்டும்.

தட்டில் முதலில் எது வாய்க்குப் போகிறது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது வழக்கமான இலக்கு. சமைத்த சோறு 100 கிராமில் 3 கிராம்கூடப் புரதம் இல்லை. முட்டை ஒன்றில் 6 கிராம். கெம்போங் மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20. தெம்பே 100 கிராமிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. மூன்றுமே தோட்டத்து மளிகைக் கடையிலும் வாரச் சந்தையிலும் கிடைப்பவை, விலையும் பெரிதில்லை. புரதமாவு டப்பாவுக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுக்கத் தேவையில்லை. குழம்பு மீன் இரண்டு துண்டு, அவித்த முட்டை, கெட்டிப் பருப்பு என்று முதலில் சாப்பிட்டு, பிறகு கீரை காய்கறி, இடம் இருந்தால் இரண்டு கரண்டி சோறு. சோற்றில் தொடங்குவது தலைமுறைப் பழக்கம் என்பதால் இந்த வரிசையை மாற்றுவது சொல்வதுபோல் எளிதில்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நீரிழிவுக்காரர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

வீட்டில் சமைப்பவரே அறுவை செய்துகொண்டவராக இருந்தால் சிக்கல் கூடும். எல்லாருக்கும் ஒரே பானை. பிள்ளைகள் மிச்சம் வைத்த ரொட்டி சானாய்த் துண்டை, அடியில் ஒட்டிய நாசி லெமாக்கை வீணாக்க மனம் வராது. பசி தெரிந்த குடும்பங்களில் உணவைக் கொட்டுவது பாவம். அந்த மதிப்பைக் குறைசொல்ல இடமில்லை. அளந்து சமைப்பதும், மிச்சத்தை மூடி அடுத்த வேளைக்கு எடுத்துவைப்பதும், தன் பங்கைச் சிறு கிண்ணத்தில் முதலிலேயே ஒதுக்கி உட்கார்ந்து சாப்பிடுவதும் அந்த மதிப்போடு ஒத்துப்போகும் வழிகள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் நின்றபடியே அள்ளிப்போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்த வயிற்றுக்கு ஆகாது. வேகமாக விழுங்கினால் வாந்தி வரும். வாந்திக்குப் பயந்து கெட்டி உணவை விட்டுவிட்டுக் கஞ்சிக்கும் பிஸ்கட்டுக்கும் திரும்பினால் எடை நின்றுவிடும். நின்ற எடைகள் பலவற்றின் கதை இவ்வளவுதான்.

புரட்டாசி மாதச் சைவம் இன்னொரு திருப்பம். மீனும் முட்டையும் நின்ற வீட்டில் உருளைக்கிழங்கும் சாம்பாரும் அப்பளமும் மிஞ்சினால் புரதம் பாதியாகக் குறையும். தெம்பே, தௌஹு, பருப்பு, தயிர், சுண்டல் ஆகியவை தட்டின் நடுவுக்கு வந்தால் விரதமும் நிற்கும், தசையும் நிற்கும். தைப்பூசக் காவடிக்காக ஒரு மண்டலம் ஒருவேளை உணவோடு இருப்பது முதல் ஆண்டில் வேண்டாம் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வார்கள். ஒரே வேளையில் நாள் முழுவதற்குமான புரதத்தை அந்தச் சிறு குழாய் கொள்ளாது. தண்ணீரும் போதாது.

மதுவைப் பற்றிப் பேசாமல் தோட்டப்புறத்தில் இந்த விஷயம் முழுமையாகாது. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயம் குடும்பங்களை அரித்தது. பைபாஸுக்குப் பிறகு மது நேரே குடலுக்குப் போய், முன்னைவிட வேகமாகவும் உச்சமாகவும் இரத்தத்தில் ஏறுகிறது. சிலீவுக்குப் பின்னும் பலருக்கு அப்படியே. அமெரிக்காவில் 2012இல் வெளியான பெரிய ஆய்வு, அறுவைக்குப் பின் இரண்டாம் ஆண்டில் மதுச் சிக்கல் கூடுவதைக் காட்டியது. ஒவ்வொரு கிராம் சுத்த ஆல்கஹாலிலும் 7 கலோரி இருக்கிறது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை இழந்தவர் அதைக் குவளையில் தேடத் தொடங்குவது மெல்ல நடக்கும்; வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

மெதுவான எடைக்குப் பலர் கண்டுபிடிக்கும் தீர்வு இன்னும் குறைத்துச் சாப்பிடுவது. அது உதவாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944, 45இல் ஆன்சல் கீஸ் 36 தொண்டர்களைக் கொண்டு நடத்திய அரைப்பட்டினிச் சோதனையில், 24 வாரத்தில் அவர்கள் உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் ஆற்றலோ ஏறத்தாழ 40 விழுக்காடு இறங்கிப்போனது. எடை குறைந்ததைவிட எரிப்பு அதிகமாகக் குறைந்தது. உடல் பஞ்சத்துக்குத் தயாராகிவிடுகிறது. அறுவை இந்த எதிர்ப்பை ஹார்மோன்கள் வழியாக ஓரளவு மட்டுப்படுத்துகிறது, அழிப்பதில்லை. அதன்மேல் சாப்பாட்டையும் வெட்டினால் தசை கரையும், முடி கொட்டும், களைப்பு வரும், களைப்பில் நடை குறையும்.

தசைக்கு வேண்டியது வேலை. காயம் ஆறும்வரை, அதாவது மருத்துவர் சொல்லும் நான்கு முதல் ஆறு வாரம், கனம் தூக்கக்கூடாது. அதற்குள்ளும் நடக்கலாம். பிறகு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்குவது, படியேறுவது போன்றவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தாலே தசைக்குச் சேதி போய்ச் சேரும். செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் மாலை நடை போவதற்கு உடற்பயிற்சிக்கூடக் கட்டணம் இல்லை. பெண்கள் தனியே போகத் தயங்கும் இடங்களில் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது. இரவு முறை வேலை செய்பவர்களுக்குத் தூக்கம் ஒரு தனிச் சிக்கல். பகலில் நான்கு மணி நேரம் தூங்கி எழும் உடலுக்கு இனிப்பின் மேலும் மாவுப் பண்டத்தின் மேலும் ஆசை கூடுகிறது; சாப்பிடும் நேரமும் குழம்புகிறது. வேலைக்குப் போகுமுன் ஒரு முழு உணவு, இடைவேளையில் வீட்டிலிருந்து கொண்டுபோன முட்டையோ மீனோ என்று வகுத்துக்கொண்டால் விடியற்காலை மீ கோரேங்கைத் தவிர்க்கலாம்.

பிறர் வாய் இதைவிடக் கடினம். ‘காச கொட்டி ஆப்பரேஷன் செஞ்சும் இவ்வளவுதானா?’ என்ற கேள்வி கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் வரும். ஒருவரை ஒருவர் தெரிந்த தோட்டக் குடியிருப்பில் அதற்குத் தப்ப முடியாது. அதனாலேயே பலர் அறுவையைப் பித்தப்பைக் கல் என்றோ குடலிறக்கம் என்றோ சொல்லி மறைக்கிறார்கள். மறைத்த பிறகு சந்தேகம் கேட்க ஆளில்லை, விருந்தில் ஏன் சாப்பிடவில்லை என்று விளக்கவும் வழியில்லை. வீட்டில் ஒருவரிடமாவது உள்ளதைச் சொல்லி வைத்திருப்பவர்கள் இந்த மாதங்களைத் தாங்குகிறார்கள். அழுகை நிற்காமல், தூக்கமும் ஆசையும் அற்றுப்போனால் அது எடைப் பிரச்சினை மட்டுமாக இருக்காது. கிளினிக்கில் சொல்லவேண்டிய நோய்.

தராசில் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு நின்றால் போதும். தினமும் ஏறுவது தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மனத்தை அலைக்கழிப்பது. எடை நின்ற வாரங்களிலும் இடுப்பு குறைவது உண்டு. ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இடுப்பளவின் கோடு. அதை நோக்கி மாதம் ஒரு சென்டிமீட்டர் போனாலும் உள்ளே கொழுப்பு கரைகிறது என்று பொருள். நின்றுபோன ஊசி, பாதியான இரத்த அழுத்த மாத்திரை, மூன்று மாதச் சர்க்கரை அளவு, குறட்டை இல்லாத இரவு, மூச்சிரைக்காமல் ஏறிய படிகள் எல்லாம் அறுவையின் பலன்களே. நீரிழிவு ஒருவருக்கு இருபது கிலோ இறங்குமுன்பே தணியத் தொடங்கிவிடலாம்.

உண்மையாகவே போதாத இறக்கம் எது என்பதற்கும் வரையறை உண்டு. எடைக்குறைப்பு அறுவை மருத்துவர்களின் அனைத்துலக அமைப்பு, மொத்த எடையில் 20 விழுக்காடு குறையாததைப் போதாத பலன் என்று 2024இல் வரையறுத்தது. இழந்த எடையில் 30 விழுக்காட்டுக்கு மேல் திரும்பி ஏறினால் அது மறுஏற்றம். இந்தக் கோட்டுக்குள் வருபவர்களுக்கு முதலில் உணவுப் பதிவும் மருந்துப் பட்டியலும் தைராய்டும் பார்க்கப்படும். பிறகு உள்நோக்கிக் கருவியாலோ பேரியக் கரைசல் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயாலோ இரைப்பைக் குழாய் விரிந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். செமக்ளூடைட், லிராக்ளூடைட் போன்ற ஊசிகள் அறுவைக்குப் பிறகும் தரப்படுகின்றன. இவற்றை எடுத்துக்கொள்வதைத் தோல்வி என்று கருத வேண்டியதில்லை. சிலீவைப் பைபாஸாக மாற்றும் இரண்டாம் அறுவை கடைசி வழி. முதல் அறுவையைவிட அதில் சிக்கல் கூடுதல், எடை இறக்கம் குறைவு. கடுமையான நெஞ்செரிச்சலும் சேர்ந்திருப்பவர்களுக்கு அது பொருந்தி வரலாம்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக்கூடாது. தொடர் வாந்தி, தண்ணீர்கூடத் தங்காமை, கால் மரத்துப்போதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல் ஆகியவை பி1 வைட்டமின் வற்றிப்போனதைக் காட்டலாம். சில நாள் தாமதமும் நரம்பைக் கெடுத்துவிடும். இளம்பெண்களுக்கு எடை மெதுவாக இறங்கினாலும் கருவுறும் வாய்ப்பு வேகமாகக் கூடும் என்பதால், முதல் 12 முதல் 18 மாதம்வரை கருத்தடை ஏற்பாடு வேண்டும்.

தொடர் பரிசோதனை மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் வருகிறது. கோலாலம்பூர் செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் பகாவ் பக்கத்திலிருந்து போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். சிரம்பான் வந்து கொமுட்டர் ரயில் பிடித்தால் பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கலாம். எடை இறங்காத வெட்கத்தில் பலர் தவறவிடுவது இந்தப் பயணத்தைத்தான். மெதுவாக இறங்குபவருக்கே அது அதிகம் தேவை. கையில் எடுத்துப் போகவேண்டியவை அறுவைக் கடிதம், கிளினிக்கில் தரும் எல்லா மாத்திரைகளின் உறைகள், சென்ற ஒரு வாரம் உண்டதும் குடித்ததும் எழுதிய தாள், வாரந்தோறும் குறித்த எடையும் இடுப்பளவும். பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரத்தப் பரிசோதனைகளில் எவற்றை ஊர்க் கிளினிக்கிலேயே எடுக்க முடியும் என்று முன்கூட்டிக் கேட்டு, முடிவைக் கையோடு கொண்டுபோனால் அதற்காக இன்னொரு நாள் சம்பளத்தை இழக்க நேராது.